புத்தகத்தை ஒளித்து வைக்காதீர்கள்

வணக்கம் தங்கச்சி. இலங்கையின் வடக்கே நடந்த வன்னிப் போர் பற்றிய நினைவுக்குறிப்பு ஒன்றைப் படித்ததிலிருந்து அப்பா தூங்குவதில்லை, 1977இல் தேயிலை மலைக்குள் ஒளிந்திருந்ததையே பேசுகிறார், புத்தகத்தை ஒளித்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டுத் துரத்தப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் வன்னியில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. 2009 வரை நடந்த போரில் அவர்களும்தான் அகப்பட்டார்கள். அப்பாவுக்கு அது யாரோ ஒருவருடைய கதை இல்லை, பக்கத்து லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு ஆட்களின் கதை. சட்டி பானையை மூட்டை கட்டினோம் என்று ஒரு வரி வந்தால் போதும், அந்த இரவு திரும்பி வந்துவிடும்.

கவிதை இன்னும் ஆழமாக இறங்கும். கவிஞர் சொல்லாமல் விட்ட இடத்தில் வாசிப்பவர் தன் ஆட்களைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் கவிதைத் தொகுப்பை இப்போதைக்குக் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

வாசிப்பைப் பகலுக்கு மாற்றுங்கள். பின்னேரம் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். "அதெல்லாம் முடிஞ்ச கதை, விடுங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கு யார் கூட இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று சின்னதாகக் கேளுங்கள். அழுதால் அழட்டும்.

அப்புறம், தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினால் ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம்.