மாட்டை எங்கே கட்டுவது? (கடிதம்)

வணக்கம் அம்மா,

பூமியைச் சூடாக்கியவை பணக்கார நாடுகள். அதற்கு ஏற்றபடி ஏழை நாடுகள் ஏன் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டும்? அது தோல்வியை ஒப்புக்கொள்வது ஆகாதா? இன்னொன்று. செயற்கைக்கோளும் கைபேசி எச்சரிக்கையும் வந்த பிறகும் கடலோர மக்கள் புயலுக்கு முன் வீட்டைவிட்டு வெளியேற மறுக்கிறார்கள். நான் பொறியியல் படிக்கிறேன். இந்த அறியாமையைப் போக்க நல்ல செயலி ஒன்று உதவுமா?

செந்தில், சென்னை

அன்புள்ள செந்தில்,

முதல் கேள்விக்கு நீளமாகப் பதில் எழுதப்போவதில்லை. ஏழை நாடுகளின் காலநிலைப் பணிகளுக்குத் தரும் உதவியில் 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்ற அளவை எட்டுவோம் என்று வளர்ந்த நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் வாக்குக் கொடுத்தன. எட்டியது 2022-இல்தான், அதிலும் பெரும்பகுதி கடன். சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த வழக்கு முடியும்வரை கடல் பொறுத்திருக்காது என்பதால், பணத்துக்காகச் சண்டை போடுவது, நம்மை மாற்றிக்கொள்வது என்ற இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

கடலோரத்துச் சனங்களை அறியாதவர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்ச நாளாகவே இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை கடந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் வேதாரண்யம் பக்கத்தில் என் பெரியம்மா வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. முகாமுக்கு வரச் சொன்னார்கள். பெரியம்மா மறுத்துவிட்டார். கொட்டகையில் நிறைமாதச் சினைமாடு. மகளிர் குழுக் கடனில் வாங்கியது, பாதிக் கடன் இன்னும் பாக்கி. “மாட்டை எங்கே கட்டுறது?” என்று கேட்டார். “அவிழ்த்து விட்டுட்டு வாங்கம்மா, அது பொழைச்சுக்கும்” என்று சொல்லிவிட்டு ஜீப் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. தம்பி, புயல் வருவது பெரியம்மாவுக்குத் தெரியாதா? 1977 நாகைப் புயலைப் பார்த்தவர் அவர். காற்று எந்தத் திசையில் திரும்பினால் எந்தச் சுவர் விழும் என்று உங்களுக்கும் எனக்கும் சொல்லித்தருவார். பக்கத்து வீட்டுப் பையன் வந்து, “அரிசி மில் கொட்டகையில கட்டுறேன் பெரியம்மா, ராத்திரி நான் அங்கதான் இருப்பேன்” என்று சொன்ன பிறகுதான் புடவையை எடுத்து மடித்தார். அன்று இரவே வீட்டுக் கூரை உள்ளே விழுந்தது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்ட நாடு வங்கதேசம். 1970 நவம்பர் 12 போலாப் புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1972-இல் செஞ்சிலுவைச் சங்கம் புயல் முன்தயாரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அரசும் அதில் சேர்ந்துகொண்டது. ஊருக்கு ஊர் தொண்டர்கள், கையில் மெகாஃபோன், கைச்சைரன், எச்சரிக்கைக் கொடி. கால்நடைகள் ஏறி நிற்க உயரமான மண்மேடுகளும் அந்தக் காலத்திலேயே எழுந்தன. முஜீப் கில்லா என்று பெயர்.

ஆனாலும் 1991 ஏப்ரல் புயலில் 1,38,000 பேர் போனார்கள். கொடுமையைக் கேளுங்கள்: இருபதிலிருந்து நாற்பத்துநான்கு வயது வரை உள்ளவர்களில், ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்தால், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர். போதுமான புகலிடங்கள் இல்லை. இருந்தவற்றிலும் ஆணும் பெண்ணும் ஒரே கூடத்தில் நெருக்கியடித்து நிற்க வேண்டும். ஒதுங்க மறைவிடம் கிடையாது. கணவன் வரட்டும் என்று பிள்ளைகளோடு வீட்டில் காத்திருந்தவர்கள், கோழியையும் ஆட்டையும் விட்டு வர மனமில்லாதவர்கள், தண்ணீரில் புடவை காலைச் சுற்றிக்கொண்டதால் நீந்த முடியாமல் போனவர்கள். இதில் எந்தப் பெண்ணுக்குச் செய்தி எட்டவில்லை என்பீர்கள்? போய் நிற்க இடம் இருந்ததா என்பதுதான் அவளுடைய கணக்கு. உங்கள் செயலி அவளுக்கு என்ன சொல்லியிருக்கும்?

அதன் பிறகு கட்டிய புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் வைத்தார்கள், கால்நடைகளுக்கும் இடம் விட்டார்கள். தொண்டர்களில் பாதிப் பேர் பெண்கள் என்ற நிலையும் வந்தது. இன்று 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள். 2007-இல் சித்ர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400. 2020 மே மாதம், பெருந்தொற்று நடுவே வந்த ஆம்பன் புயலுக்கு முன் சுமார் 24 லட்சம் மக்களைப் புகலிடங்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களோடு ஐந்து லட்சத்துக்கும் மேலான ஆடுமாடுகளையும் கொண்டுபோனார்கள். வங்கதேசத்தில் இறந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. அந்த ஐந்து லட்சம் ஆடுமாடுகளை எண்ணிப் பாருங்கள் செந்தில். அத்தனைக்கும் இடம் இருந்ததால்தான் அவற்றின் சொந்தக்காரர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள்.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2009 ஐலாப் புயலில் கரைகள் உடைந்து, தென்மேற்குக் கிராமங்கள் சிலவற்றில் உப்புத்தண்ணீர் ஆண்டுக்கணக்கில் வடியாமல் நின்றது. உயிர் தப்பியவர்களுக்கு விதைக்க நிலம் இல்லை. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். 2023-இல் மறைந்த சலீமுல் ஹக் என்ற வங்கதேச அறிவியலாளர், காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதற்கான பணமும் முடிவெடுக்கும் உரிமையும் உள்ளூர்க்காரர்கள் கைக்கு வர வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். அவர் எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள்.

உங்களுக்கு இருப்பது நல்ல மனசு, அது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கோபப்படுகிறேன். ஐப்பசி பிறப்பதற்குள் நாகை மாவட்டத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே இருக்கும் பல்நோக்குப் பேரிடர் மையங்களில் ஒன்றைப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, நள்ளிரவில் அவர் கிடைப்பாரா, பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, முழங்கால் வலிக்காரர் ஏறக்கூடிய படியா, மாடு கட்ட மேடு எங்கே என்று கேளுங்கள். பக்கத்துத் தெருப் பெண்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன். செயலியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

அன்புடன்