மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: எனக்கு வயது 54. பல வருடக் குறட்டை. ஸ்லீப் ஸ்டடியில் ஏ.ஹெச்.ஐ. 38 என்று வந்ததால், தூக்கத்தில் தொண்டை அடைபடாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் ஆட்டோ சிபாப் மெஷினும், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கும் வாங்கினோம். மூன்று வாரம் ஆகிறது. மாஸ்க் போட்டதுமே காற்று போதாமல் மூச்சு முட்டுகிறது. எப்படியோ தூங்கிப்போனாலும் இரண்டு மணிநேரத்தில் தூக்கத்திலேயே கழற்றிப் போட்டுவிடுகிறேன் என்கிறார் மனைவி. காலையில் வாய் வறண்டு, வயிறு உப்பி, மூக்குத்தண்டு சிவந்து எழுந்திருக்கிறேன். இரவில் கரண்ட் போனால் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. மெஷினை அலமாரியில் வைத்துவிடலாமா?

பதில்: வைத்துவிடாதீர்கள். ஏ.ஹெச்.ஐ. 38 என்றால் தூங்கும் ஒவ்வொரு மணிநேரத்திலும் 38 முறை உங்கள் மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்று கணக்கு. இந்த நிலைக்கு சிபாப் அளவுக்குப் பலன் தரும் சிகிச்சை வேறு இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. பெரும்பாலானவை செட்டிங்கிலும் மாஸ்க்கிலும் இருப்பவை, சரிசெய்யக்கூடியவை. செட்டிங் எதையும் மாற்றிப் பார்க்காமல் கழிந்த மூன்று வாரத்தை வைத்து ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று முடிவுகட்ட முடியாது.

முதலில் அந்த மூச்சு முட்டல். தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ மெஷின்கள் கம்பெனியிலிருந்து வரும்போது பெரும்பாலும் 4 முதல் 20 வரை என்ற அழுத்தத்தில் வைக்கப்பட்டிருக்கும். இந்த எண்கள் சென்டிமீட்டர் தண்ணீர் அளவைக் குறிப்பவை. ஒரு டம்ளர் தண்ணீரில் 10 செ.மீ. ஆழத்துக்கு ஸ்ட்ராவை இறக்கி ஊதினால் எவ்வளவு எதிர்ப்பு இருக்குமோ, அவ்வளவுதான் அழுத்தம் 10. பலரும் நினைப்பதற்கு மாறாக, ஆரம்பத்தில் திணறவைப்பது அதிக அழுத்தம் இல்லை, குறைந்த அழுத்தம். 4-ல் மெஷின் தரும் காற்றோட்டம் மெல்லியது. நீங்கள் விட்ட மூச்சு மாஸ்க்கின் சிறு துளைகள் வழியாக வெளியேற நேரமாகும், அதில் ஒரு பங்கை மறுபடி உள்ளே இழுப்பீர்கள். முகம் முழுக்க மூடும் மாஸ்க்கில் உள்ளிடம் அதிகம் என்பதால் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். உங்கள் மெஷினில் ‘ராம்ப்’ என்று ஒரு அமைப்பு இருக்கும். தூங்கும் வரை அழுத்தத்தைக் குறைவாக வைத்துப் பிறகு மெதுவாக ஏற்றுவது அதன் வேலை. ராம்ப் 4-ல் தொடங்கி 45 நிமிடம் நீடிக்கும்படி வைத்திருந்தால், அந்த 45 நிமிடமும் உங்களுக்குத் திண்டாட்டம். தொடக்க அழுத்தத்தை 6-க்கோ 7-க்கோ உயர்த்தச் சொல்லுங்கள். காற்று தாராளமாக வருவது முதல் நிமிடத்திலேயே தெரியும்.

அடுத்தது, மூச்சை வெளியே விடும்போது மெஷின் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் வசதி. ரெஸ்மெட் மெஷின்களில் இதற்கு ‘இ.பி.ஆர்.’ என்று பெயர், 1 முதல் 3 வரை வைக்கலாம். அழுத்தம் 9, இ.பி.ஆர். 3 என்றால் மூச்சு விடும்போது 6-ஆக இறங்கும். மற்ற கம்பெனி மெஷின்களில் இதே வேலையை வேறு பெயரில் செய்யும் அமைப்பு இருக்கும். ஆனால் எப்படி வைத்தாலும் அழுத்தம் 4-க்குக் கீழே இறங்காது. அதனால் 5-ல் ஓடும் மெஷினில் இ.பி.ஆர். 3 வைத்தாலும் கிடைப்பது 1 மட்டும்தான். தொடக்க அழுத்தத்தைக் கூட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராம்ப்பும் இ.பி.ஆரும் பெரும்பாலும் பயனர் மெனுவிலேயே இருக்கும். சிகிச்சை அழுத்தத்தின் மேல், கீழ் எல்லைகளை மட்டும் நீங்களாக மாற்றக் கூடாது. மெஷினின் கார்டில் பதிவான கணக்கைப் பார்த்து டாக்டர்தான் அந்த 4-20 இடைவெளியைச் சுருக்க வேண்டும். இரவின் பெரும்பகுதி 10, 11-ல் கழிகிறது என்று பதிவு காட்டினால் 7 முதல் 13 வரை என்பதுபோல அவர் அமைப்பார். அப்படி அமைத்தால் நடுராத்திரியில் அழுத்தம் தாறுமாறாக ஏறி உங்களை எழுப்பாது.

மாஸ்க்கோடு மூச்சு விடுவதைப் பகலில், விழித்திருக்கும்போது பழகுங்கள். இரவில் தூக்கக் கலக்கத்தில் பழக நினைத்தால் பயம்தான் பதியும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்ட்ராப் மாட்டாமல், மெஷினை ஓடவிட்டு மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் பதற்றம் குறையும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கூட்டுங்கள். பிறகு ஸ்ட்ராப் மாட்டிக்கொண்டு டிவி பார்த்தபடி அரை மணிநேரம். அது சாதாரணமாகிவிட்டால் படுத்தபடி அரை மணிநேரம். பிறகு மதியத் தூக்கம். ஒரு படி பழகாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

மூச்சு எப்படி இருக்க வேண்டும்? வாயை மூடி, நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்து, மூக்கு வழியாகச் சாதாரண மூச்சு. மெஷின் காற்றைத் தள்ளுகிறதே என்று பெரிதாக இழுக்காதீர்கள், பெரிதாக இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் தலை கிறுகிறுக்கும். பிராணாயாமம் பழகியவர்கள் இதில் சிரமப்படுவதுண்டு. மூச்சை அடக்குவதோ ஆழமாக இழுப்பதோ இங்கே வேண்டாம். மூச்சை வெளியே விடும்போது ஊதவும் கூடாது. நெஞ்சைத் தளர்த்தினால் போதும், காற்று தானே போகும். இழுக்கும்போது மூன்று, விடும்போது ஐந்து என்று மனதுக்குள் எண்ணினால் பத்து நிமிடத்தில் மூச்சு சீராகும்.

கரண்ட் பயத்துக்கு வருவோம். உங்கள் மாஸ்க்கில் டியூப் சேரும் இடத்தில் முழங்கைபோல வளைந்திருக்கும் பகுதியை விளக்கடியில் வைத்துப் பாருங்கள், உள்ளே மெல்லிய சிலிக்கான் மடல் ஒன்று தெரியும். காற்று வரும்போது அது பக்கத்துத் திறப்பை அடைத்துக்கொள்ளும். காற்று நின்றால் மடல் விலகி, அறைக் காற்று உள்ளே வரும். பகலில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெஷினை அணைத்துப் பாருங்கள். மூச்சு விட முடியும், கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான். மூன்று நான்கு முறை செய்தால் பயம் பெருமளவு போய்விடும். அந்த மடலில் எச்சிலும் அழுக்கும் காய்ந்து ஒட்டிக்கொண்டால் சரியாகத் திறக்காது, அதனால் கழுவும்போது அதையும் கழுவுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். காற்று ‘உஸ்’ என்று வெளியேறும் சிறு துளைகளை எதைக் கொண்டும் அடைக்கக் கூடாது. இழுத்துப் போர்த்தித் தூங்கும் வழக்கம் இருந்தால் போர்வை அவற்றை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டியூபை ஒரே இழுப்பில் கழற்றும் கொக்கியையும் இருட்டில் கையால் தடவிப் பழகி வையுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் மெஷினை ஓட்டலாமா என்பதை அதன் மாடலைச் சொல்லி விற்றவரிடம் கேட்டுவிடுங்கள். சில இன்வெர்ட்டர்களின் மின்சாரம் இத்தகைய மெஷின்களுக்கு ஒத்துவராது. ஓட்டலாம் என்றால் அந்த நேரத்தில் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையரையும் சூடாகும் டியூபையும் அணைத்துவிடுங்கள். அதிகக் கரண்ட் இழுப்பவை அவைதான்.

இனி மாஸ்க். மூக்குத்தண்டு சிவப்பது ஸ்ட்ராப்பை இறுக்கியதன் அடையாளம். காற்று கசிகிறதே என்றுதான் இறுக்கியிருப்பீர்கள், ஆனால் இறுக்க இறுக்கக் கசிவு கூடும். குஷனின் மெல்லிய உள்மடிப்பு காற்றில் உப்பித்தான் முகத்தோடு ஒட்ட வேண்டும். அழுத்திப் பிடித்தால் அது மடங்கிக் கசியும். உட்கார்ந்தபடி மாட்டாதீர்கள், படுத்தால் கன்னத்தின் வடிவமே மாறும். தூங்கும் பக்கமாகப் படுத்து, மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி மறுபடி உட்காரவையுங்கள். முதலில் கீழ் ஸ்ட்ராப்களையும் பிறகு மேல் ஸ்ட்ராப்களையும், கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். ஸ்ட்ராப்புக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலைக்குத் தடவிய தேங்காய் எண்ணெய் நெற்றியிலும் கன்னத்திலும் இருந்தால் குஷன் வழுக்கும். அடர்ந்த மீசை இருந்தால் மூக்கடியில் எப்போதும் கசியும். ட்ரிம் செய்யுங்கள், அல்லது மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் ‘நேசல் பில்லோ’ வகையைக் கேளுங்கள். சில மாஸ்க்குகளின் கிளிப்பில் காந்தம் உண்டு. பேஸ்மேக்கர் வைத்தவரோ அவரோடு ஒரே படுக்கையில் தூங்குபவரோ அதைத் தவிர்க்க வேண்டும்.

முகம் முழுக்க மூடும் மாஸ்க் உங்களுக்குக் கட்டாயம் தேவைதானா என்று எங்களுக்குச் சந்தேகம். 1981-ல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் வெளியிட்டபோது காற்றை மூக்கு வழியாகத்தான் செலுத்தினார். மூக்கு வழியாக வரும் காற்று மேலண்ணத்தையும் நாக்கையும் முன்னே தள்ளித் தொண்டையைத் திறக்கும். வாய் வழியாகவும் காற்று போனால் அந்தப் பலன் குறையும். தாடை பின்னால் அழுத்தப்படுவதும் உண்டு, அதனால் சிலருக்கு இந்த மாஸ்க்கில் அதிக அழுத்தம் தேவைப்படுகிறது. மூக்கு திறந்திருப்பவருக்கு மூக்கு மாஸ்க்தான் பெரும்பாலும் சுகம். மூக்கடைப்பு இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். படுக்கும் முன் சலைன் ஸ்ப்ரே, டாக்டர் சொன்னால் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை விடாமல் ஓரிரு வாரம் போட்டால்தான் பலன் தெரியும். அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போடாதீர்கள், நிறுத்தியதும் அடைப்பு முன்னைவிட மோசமாகும். எலும்பு வளைவு இருந்தால் இ.என்.டி. டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

வாய் வறள்வது வாய் திறப்பதாலும் ஈரப்பதம் போதாததாலும். ஹ்யூமிடிஃபையரை ஒரு நிலை கூட்டிப் பாருங்கள். டியூபில் தண்ணீர் கோத்துக் களகளவென்று சத்தம் வந்தால், குறிப்பாக ஏசி அறையில், ஒரு நிலை குறைத்து, டியூபுக்குத் துணியுறை போட்டு, மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றி, தினமும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளையாக உப்புப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டாம். மெஷின் அறைக் காற்றைத்தான் இழுக்கிறது, அதனால் கொசுவத்திச் சுருளை அந்த அறையில் ஏற்றாதீர்கள். குஷனைத் தினமும் மிதமான சோப்பில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். காற்று நுழையும் இடத்து ஃபில்டரை மாதம் ஒருமுறை, சாம்பல் நிறமானால் அதற்கும் முன்பே, மாற்றுங்கள்.

வயிறு உப்புவது காற்றை விழுங்குவதால். அழுத்தத்தின் மேல் எல்லையைக் குறைத்தாலே பலருக்குச் சரியாகும். இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணிநேரம் முன்பே முடித்து, தலைப்பக்கத்தை உயர்த்தி, இடதுபக்கம் சரிந்து படுங்கள். மல்லாந்து படுத்தால் தொண்டை அதிகம் அடைபடும், மெஷினும் அழுத்தத்தை ஏற்றும்.

தூக்கத்தில் கழற்றிப் போடுவது உங்கள் தப்பு இல்லை. கசிவோ வறட்சியோ அழுத்த ஏற்றமோ உங்களை அரைகுறையாக எழுப்புகிறது, கை தானாகப் போகிறது. மேலே சொன்னவை சரியானால் இது தானே குறையும். ஆனால் கழன்றிருப்பது தெரிந்த அந்த நொடியே, மணி நாலானாலும், மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். கனவுத் தூக்கம் அதிகம் வருவது விடியலுக்கு முந்தைய மணிநேரங்களில்தான். அப்போது தசைகள் முழுவதும் தளர்ந்துவிடுவதால் பலருக்கு மூச்சு நிற்பதும் அப்போதுதான் அதிகம், ஆக்சிஜன் ஆழமாக இறங்குவதும் அப்போதுதான். முதல் இரண்டு மணிநேரம் மட்டும் போட்டால் மோசமான பகுதி பாதுகாப்பில்லாமல் போகிறது. தூக்க மாத்திரையை நீங்களாக எடுக்காதீர்கள். மது தொண்டைத் தசையைத் தளர்த்தும் என்பதால் அதுவும் வேண்டாம். பகல் தூக்கக் கலக்கம் தீரும் வரை இரவில் வண்டி ஓட்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். இதில் எங்களுக்கு எந்தச் சமரசமும் இல்லை.

காலையில் மெஷின் திரையில் மூன்று எண்களைப் பாருங்கள்: எத்தனை மணிநேரம் ஓடியது, கசிவு எவ்வளவு, மெஷின் ஓடியும் மிச்சமிருக்கும் ஏ.ஹெச்.ஐ. எவ்வளவு. ஒரு நாள் எண்ணை வைத்துக் கவலைப்படாமல் ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஏ.ஹெச்.ஐ. 5-க்குள் வர வேண்டும். ரெஸ்மெட்டில் கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருக்க வேண்டும். கசிவு இல்லாமலே ஏ.ஹெச்.ஐ. 5-க்கு மேல் நின்றாலோ, பதிவில் ‘சென்ட்ரல்’ வகை நிறுத்தங்கள் (தொண்டை அடைபடாமல், மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளை வராததால் மூச்சு நிற்பவை) அதிகம் தெரிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள், சிலருக்கு வேறு வகை மெஷின் தேவைப்படும். காது வலி, சைனஸ் காய்ச்சல், மூக்கில் ரத்தம் வந்தால் அவரைக் கேட்காமல் தொடராதீர்கள்.

இந்த வாரமே மெஷின், கார்டு, மாஸ்க் மூன்றையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். தொடக்க அழுத்தத்தை உயர்த்தவும், மேல் எல்லையைப் பார்த்துக் குறைக்கவும், இ.பி.ஆர். போடவும், படுக்கவைத்து மூக்கு மாஸ்க்கைப் போட்டுப் பார்க்கவும் கேளுங்கள். படுக்கவைக்காமல் உட்காரவைத்தே மாஸ்க் அளவெடுத்தால், படுத்துப் பார்க்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.