முதியோர் இல்லத்தில் பல்லும் முரசும் கட்டுப்பல்லும்: கேள்வி பதில்

முதியோர் இல்லங்களில் இருப்பவர்களின் வாய்ப் பராமரிப்புப் பற்றி உறவினர்களும் பராமரிப்பாளர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, கொழும்பில் முதியோரைப் பார்க்கும் பல் வைத்தியர் ஒருவர் பதில் தருகிறார்.

அம்மா வெள்ளவத்தையில் ஒரு இல்லத்தில், நான் ரொறன்ரோவில். மேலும் கீழும் கட்டுப்பல். கழற்றினால் முகம் சூம்பிவிடும் என்று இரவிலும் போட்டபடியே படுக்கிறார். விட்டுவிடலாமா, டொக்டர்?

விடக்கூடாது. மேல் கட்டுப்பல் அண்ணத்தை மூடிக்கொண்டிருக்கும். அதன் கீழே உமிழ்நீர் போகாது, பங்கசு வளரும். அண்ணம் கட்டுப்பல்லின் அளவுக்கே வெட்டி ஒட்டியதுபோலச் சிவந்திருக்கும். பெரும்பாலும் நோவு இருக்காது, அதனால் அம்மாவும் சொல்லமாட்டார். கழற்றிவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வெட்கம் நியாயமானது, அதற்கு வழி செய்யுங்கள். விளக்கணைக்கும் நேரத்தில், திரையை இழுத்துவிட்டுக் கழற்றட்டும். காலையில் மற்றவர்கள் முகத்தில் விழிக்கமுதல் மாட்டிவிடட்டும்.

கழுவும்போது பேசினுக்குள் ஒரு துவாயை விரிக்கவேண்டும், அல்லது பாதிக்குத் தண்ணீர் நிரப்பவேண்டும். கையிலிருந்து வழுக்கி வெறும் பேசினில் விழுந்தால் கட்டுப்பல் உடைந்துவிடும். மென்மையான பிரஷில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுப் போதும். பற்பசை பிளாஸ்டிக்கைக் கீறும், கீறலுக்குள் பங்கசு குடியேறும். வெளியே மினுங்கும் பக்கத்தை விட, முரசில் படும் உட்பக்கத்தைத்தான் கூடத் தேய்க்கவேண்டும். பிறகு மூடியுள்ள டப்பாவில் சாதாரணத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் வளைந்துவிடும், பிறகு எந்தப் பசையாலும் பொருந்தாது. பிளீச் கலந்த நீரில் ஊறவைப்பதென்றால் 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கம்பி வைத்த கட்டுப்பல்லுக்குப் பிளீச் ஆகவே ஆகாது. கட்டுப்பல்லைக் கழற்றிய வாயையும் விடக்கூடாது: முரசையும் நாக்கையும் மென்மையான பிரஷாலோ ஈரத்துணியாலோ துடைக்கவேண்டும்.

பெயர் எழுதியிருக்கிறதா? பல இல்லங்களில் கட்டுப்பல் தொலைவது ஒரே மாதிரித்தான். சாப்பிடும்போது கழற்றி டிஷூவில் சுற்றித் தட்டில் வைப்பார்கள், தட்டோடு அது குப்பைக்குப் போய்விடும். கன்னம் படும் வெளிப்பக்கத்தில் நகம் தேய்க்கும் அட்டையால் சிறிது உரசி, பென்சிலால் பெயரை எழுதி, நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு தடவை பூசினால் சில மாதங்கள் நிற்கும். புதிதாகச் செய்வதென்றால் பெயரை உள்ளேயே பதித்துத் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பராமரிப்பாளர்களில் பலர் சிங்களம் பேசுபவர்கள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் என்றால், மேலே சொன்னதைச் சிங்களத்தில் ஒரு தாளில் எழுதுவித்துக் கட்டிலருகே ஒட்டச் சொல்லுங்கள். ரொறன்ரோவிலிருந்து போனில் பத்துத் தடவை சொல்வதைவிட அது வேலை செய்யும்.

தெஹிவளையில் ஒரு இல்லத்தில் வேலை செய்கிறேன். மறதி நோயுள்ள ஆச்சி ஒருவர் பிரஷைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வார், சில நாள் அடிப்பார். என்ன செய்வது?

அநேகமாகப் பயம்தான் காரணம். நின்றபடி மேலிருந்து ஒரு கை முகத்துக்கு வந்தால் யாரும் வாயை மூடுவார்கள். முன்னால் ஒரு கதிரையில், அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். "ஆச்சி, பல் துலக்குவம்" என்று சொல்லிப் பிரஷைக் காட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வார்த்தை, ஒரு செயல். பிரஷை முதலில் அவர் கையிலேயே கொடுத்து, அந்தக் கையின்மேல் உங்கள் கையை வைத்து வாய்க்குக் கொண்டுபோங்கள். பல வருடப் பழக்கம் கைக்கு நினைவிருக்கும். மற்றக் கையில் ஒரு சின்னத் துவாயைப் பிடிக்கக் கொடுத்தால் உங்களைப் பிடித்து இழுப்பது குறையும்.

அன்றைக்குச் சரிவராவிட்டால் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கழித்துப் போங்கள், அல்லது வேறொருவரை அனுப்புங்கள். கையைக் காலைப் பிடித்துப் பலவந்தமாகச் செய்தால் அடுத்த நாள் அந்த அறைக்குள்ளேயே விடமாட்டார். மாலையில் குழம்புபவர்களுக்குக் காலையிலோ மதியத்துக்குப் பிறகோ ஒரு முறை நன்றாகச் செய்வது, இரவில் சண்டை பிடிப்பதைவிட மேல்.

உதடு மட்டும் திறந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் அதுவும் போதும், வெளிப்பக்கங்களைத் துலக்குங்கள். கன்னத்தை விலக்கப் பழைய பிரஷ் ஒன்றை வெந்நீரில் பிடித்துக் காம்பை 45 பாகை வளைத்து வைத்துக்கொள்ளலாம். விரலைப் பற்களுக்கிடையே வைக்கவே வேண்டாம். கடித்தால் விடமாட்டார்கள்.

நேற்றுவரை வாய் திறந்தவர் திடீரென்று மறுத்தால் மறதியின் மேல் பழியைப் போடாதீர்கள். ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுகிறாரா, கன்னத்தைப் பிடிக்கிறாரா, குளிர்ந்த தண்ணீரைத் தள்ளுகிறாரா என்று பாருங்கள். சூத்தையோ புண்ணோ இருக்கும்.

அப்பாவுக்குப் பாரிசவாதம், மூக்கால் குழாய் போட்டுத்தான் சாப்பாடு. வாயால் ஒன்றுமே போவதில்லை. பிறகு ஏன் பல் துலக்கவேண்டும்?

அவருக்குத்தான் மிகவும் வேண்டும். மெல்லாத வாயில் உமிழ்நீர் குறையும், கிருமி பெருகும், அண்ணத்திலும் நாக்கிலும் பொருக்குக் கட்டும். அந்த எச்சில் நித்திரையில் துளித்துளியாக நுரையீரலுக்குள் இறங்குகிறது. விழுங்கும் சக்தி குறைந்தவருக்கு அதிலிருந்துதான் நியுமோனியா. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பாளர் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நியுமோனியா வந்தது. இல்லங்களில் பல் துலக்குவதைத் தலை சீவுவதோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதை மருந்து கொடுக்கும் அட்டவணையில் எழுதவேண்டும் என்பது என் கருத்து.

செய்யும் முறை: குழாயில் உணவு விட்டவுடன் செய்யவேண்டாம், ஓங்காளம் வரும். தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்துங்கள். முடியாவிட்டால் ஒரு பக்கம் சரித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் கீழ் துவாய் வையுங்கள். சின்னத் தலையுள்ள மென்மையான பிரஷ், நுரைக்காத பற்பசை, அதுவும் பிரஷில் பூசினாற்போல. பிரஷை நனைத்து உதறிவிட்டுத்தான் வாய்க்குள் கொண்டுபோகவேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வைப்பதுதான் நான் காணும் பெரிய ஆபத்து. வழிவதைக் கோஸ் துணியால் துடைத்தெடுங்கள், உறிஞ்சும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. காய்ந்த பொருக்கை உரிக்காதீர்கள், இரத்தம் வரும். நீரில் கரையும் வாய் ஜெல்லைப் பூசிச் சில நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். முடிந்தபின் அரை மணி நேரம் தலைமாடு உயர்ந்தே இருக்கட்டும்.

குச்சியில் பஞ்சு வைத்த வாய்த்துடைப்பான்கள் அழுக்கைப் பல்லிலிருந்து எடுக்காது. கடித்தால் பஞ்சு கழன்று தொண்டைக்குள் போகவும் கூடும். அப்படி நடந்ததால் 2012இல் பிரித்தானியாவில் எச்சரிக்கையே விட்டார்கள்.

வாய்ச் சிவப்புக்குப் பாமசியில் மைக்கோனசோல் ஜெல் தந்தார்கள். அம்மா இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் குடிக்கிறார்.

பூசவேண்டாம், ஏற்கெனவே பூசியிருந்தால் இன்றைக்கே வைத்தியரிடம் சொல்லி ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பாருங்கள். வாயில் பூசினாலும் அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி இரத்தக்கசிவு வரை கொண்டுபோகும். பங்கசுக்கான இன்னொரு மருந்தான நிஸ்டாட்டின் திரவத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டு, வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருக்கவேண்டும். சிவப்பு மாறிய பிறகும் இரண்டு நாள் தொடருங்கள். அதே நேரத்தில் குளோரெக்சிடின் என்ற கிருமிகொல்லி வாய்கழுவியால் கொப்பளிக்கவேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

அப்பாவின் பற்கள் முரசோரமாகக் கறுத்து உடைகின்றன. இனிப்பே சாப்பிடுவதில்லை.

பிளேன்டீயை எத்தனை தரம் குடிக்கிறார், எவ்வளவு சீனியோடு? அதோடு மாரி பிஸ்கட், மலச்சிக்கலுக்கு இனிப்புத் திரவ மருந்து. எல்லாம் கணக்கில் வரும். சீனியின் அளவைவிட, நாளில் எத்தனை தடவை வாய்க்குள் போகிறது என்பதுதான் முக்கியம். முரசு இறங்கி வெளியே தெரியும் வேர் மென்மையானது, சீக்கிரம் சூத்தை விழும்.

அடுத்தது வாய் உலர்தல். சலத்துக்கான ஃபுரூசமைட், நித்திரைக்கு அமிட்ரிப்டிலின், தடிமலுக்குப் பிரிட்டோன் (Piriton) குளிசை, எல்லாமே வாயை உலர்த்தும். கிளினிக்கில் மருந்துப் பட்டியலைக் காட்டி எதையாவது குறைக்கலாமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். எலுமிச்சை கிளிசரின் துடைப்பான் இன்னும் உலர்த்தும்.

பற்பசைப் பெட்டியில் புளோரைட் 1,350 முதல் 1,500 பி.பி.எம். இருக்கவேண்டும். பட்டாணி அளவு, நாளுக்கு இருமுறை. துலக்கியபின் துப்பட்டும், தண்ணீரால் கழுவவேண்டாம்.

உமிக்கரியும் உப்பும்?

இந்த வயதில் வேண்டாம். வெளியே தெரியும் வேரை அரித்துப் பள்ளமாக்கிவிடும்.

அம்மாவுக்குப் பல் பிடுங்கவேண்டும். ஆஸ்பிரின், வார்ஃபரின், எலும்புக்கு வாரம் ஒரு குளிசை. எதை நிறுத்துவது?

நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம். 24 மணி நேரத்துக்குள் பார்த்த ஐ.என்.ஆர். 4க்குக் கீழே இருந்தால் பொதுவாக வார்ஃபரினை நிறுத்தாமலே பிடுங்குவார்கள், தையலும் அழுத்தமும் இரத்தத்தை நிறுத்தும். ஆனால் உங்கள் கேள்வியில் முக்கியமானது அந்த வாரக் குளிசை. அது அலெண்ட்ரோனேட்டாக இருந்தால், பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்துச் சிறிதளவு உண்டு. ஆறு மாதத்துக்கொருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் அப்படித்தான். நாள் குறிக்கமுதலே சொல்லவேண்டும். இல்லத்தில் அந்தக் குளிசையைப் பொடியாக்கிக் கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள். வாய்க்குள் கரைந்தால் நாக்கிலும் அண்ணத்திலும் புண் வரும்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் பாட்டிக்குப் பல்லே இல்லை. வெற்றிலையை இடித்துக் கொடுப்புக்குள் வைத்திருப்பார். அந்த இடத்தில் ஒரு மாதமாக வெள்ளைத் திட்டும் சின்னப் புண்ணும். நோவில்லை.

நோவில்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முன்போலத் திறவாமை, கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் பார்க்கவேண்டும். புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்குக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக் புத்தகமும் குடிக்கும் மருந்துகள் எல்லாமும் ஒரு பையில் இருக்கட்டும். கட்டுப்பல் வைத்திருந்தால் அதையும் போட்டுக்கொண்டு போகட்டும், புண்ணில் எங்கே உரசுகிறது என்று அப்போதுதான் பார்க்க முடியும்.