பிரஷர் ஏறி இறங்கினால் உள்காதுக்கு ரத்தம் குறையுமா?

கேள்வி: கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு 57 வயது. பிரஷர் குளிசை போடுகிறார். குனிந்து நிமிர்ந்தால் தலை சுத்தி, காது அடைக்கிறது. காதுக்கு ரத்தம் போகாததாலா?

பெரும்பாலும் இல்லை. குனிந்து நிமிரும்போது கண் இருட்டி, சில விநாடியில் தெளிந்தால் அது மூளைக்கு ரத்தம் ஒரு கணம் குறைந்ததன் அடையாளம். எழும்பியதும் அரை லீட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். நாடிகள் உடனே சுருங்கி அதை ஈடுகட்ட வேண்டும். குளிசை, வயது, தண்ணீர் குறைவு மூன்றும் அந்த ஈடுகட்டலைத் தளர்த்தும். காலையில் வெறும் சாயத்தண்ணியோடு மலைக்குப் போய், மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காதவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

காதுக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. உள்காதுக்கு ரத்தம் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரே ஒரு மெல்லிய நாடி. அடைபட்டால் மாற்றுப் பாதை கிடையாது. நத்தை ஓடுபோல் சுருண்ட கேட்கும் பகுதியில் சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் எந்நேரமும் இருக்க வேண்டும். ஒட்சிசன் குறைந்தால் அது சட்டென்று விழும். சாதாரண ஏற்ற இறக்கத்தை அங்குள்ள சிறு நாடிகள் விரிந்து சுருங்கிச் சமாளித்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் கட்டுப்படாத பிரஷரும் சீனி வருத்தமும் நாடிச் சுவரைத் தடிக்க வைத்தால்தான் அந்தச் சமாளிப்பு தளரும். அதனால் தலை சுத்துகிறதென்று குளிசையை நிறுத்திவிடாதீர்கள். அதுதான் பெரிய பிழை.

கிளினிக்கில் உட்கார வைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது தெரியாது. 5 நிமிஷம் படுக்க வைத்துப் பார்த்து, எழுந்து நின்றதும் 1ஆம், 3ஆம் நிமிஷங்களில் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், குளிசையின் அளவையோ நேரத்தையோ டொக்டர் மாற்றுவார்.

படுக்கையில் புரளும்போது மட்டும் அறை சுழன்றால் அது வேறு: உள்காதுக்குள் இருக்கும் சுண்ணத் துணுக்குகள் இடம் மாறியது. தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பியே சரிசெய்யலாம். றம்பொடை வளைவுகளில் பஸ் இறங்கும்போது வரும் அடைப்போ வெளிக்காற்றின் அழுத்தத்தால் வருவது. எச்சிலை விழுங்கினால் விடும்.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் "பிரஷராக்கும்" என்று காத்திருக்கவே வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தலைசுத்தோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, நடக்க முடியாமல் போனாலோ உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.