வருஷக் கட்டணம் என்பது நீங்கள் ஜிம்முக்குக் கொடுக்கும் கடன்

கேள்வி: சார், வணக்கம். எனக்கு வயது 33. தரமணியில் ஐ.டி. வேலை, மாதம் 61,000 ரூபாய் கைக்கு வருகிறது. மடிப்பாக்கத்தில் வாடகை வீடு, மெயின்டனன்ஸோடு 18,000. பைக் இஎம்ஐ 4,200, ஊரில் அப்பா அம்மாவுக்கு 8,000, சீட்டு 5,000. மனைவி இப்போது வேலைக்குப் போகவில்லை. ஆபீஸில் கொடுத்திருக்கும் 3 லட்ச ரூபாய் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் தவிர வேறு பாலிசி கிடையாது. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 6.1 என்று வந்தது. "பார்டர்ல இருக்கீங்க, நடங்க, கொஞ்சம் வெயிட்டும் தூக்குங்க" என்றார் டாக்டர்.

மூன்று ஜிம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் சாதாரண ஜிம். ஏசி கிடையாது, சேர 500, மாதம் 1,000. இரண்டாவது ஆபீஸ் பக்கம் ஏசி ஜிம். மாதம் 2,500, மூன்று மாதத்துக்கு 6,000, ஒரு வருஷத்துக்கு 15,000. "வருஷ ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான் சார்" என்று தினமும் போன் செய்கிறார்கள். மூன்றாவது வேளச்சேரியில் ஒரு பெரிய நிறுவனத்தின் கிளை. வருஷம் 24,000, 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில் மாதம் 2,000. ஜும்பா, யோகா வகுப்பெல்லாம் உண்டு. கணவன் மனைவி சேர்ந்து சேர்ந்தால் தனிச் சலுகையாம்.

போன வருஷம் மேடவாக்கத்தில் ஆஃபர் என்று 12,000 கட்டி 23 நாள்தான் போனேன். என் சோம்பேறித்தனம் எனக்கே தெரியும். இந்த முறை எதில் சேர்ந்தால் பணம் வீணாகாது?

பதில்: அந்த 23 நாளிலிருந்தே ஆரம்பிக்கலாம். 12,000-ஐ 23-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 522 ரூபாய். அந்தக் காசில் வீட்டு வாசலிலிருந்து ஜிம் வாசல் வரை ஆட்டோவிலேயே போய் வந்திருக்கலாம்.

ஆனால் இதைச் சோம்பேறித்தனம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏழு மணிக்குத் தரமணியில் வண்டியை எடுத்து, விஜயநகர் நெரிசலைக் கடந்து, கைவேலியில் நின்று நின்று நகர்ந்து, சொந்த வீட்டுப் பக்கம் வந்தும் வீட்டுக்குள் போகாமல் மேடவாக்கம் வரை யார் தினமும் போவார்கள்? நீங்கள் வாங்கியது ஆஃபர். தூரத்தை யாரும் பில்லில் போட்டுத் தரவில்லை, அவ்வளவுதான்.

இதில் நீங்கள் தனி ஆளும் இல்லை. அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் வருகைப் பதிவை வைத்து இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே ஜிம்மில் பத்துத் தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். நாளையிலிருந்து ஒழுங்காகப் போவோம் என்று நம்பி முன்பணம் கட்டுவது ஊர் உலகத்துப் பழக்கம். அந்த நம்பிக்கையை நம்பித்தான் 'இன்னைக்கு மட்டும்' போன்கள் வருகின்றன.

அதனால் மாத விலையை மறந்துவிட்டு, போகிற ஒரு நாளுக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள். வாரம் மூன்று நாள் வீதம் மூன்று மாதத்தில் 36 நாள் போவதாக வைத்துக்கொள்வோம். வீட்டுப் பக்க ஜிம்மில் சேரும் பணத்தையும் சேர்த்து 3,500; நாளுக்கு 97 ரூபாய். ஆபீஸ் பக்கம் 6,000, நாளுக்கு 167. வேளச்சேரியில் வருஷம் முழுக்க நூறு நாள் போனால் 240 ரூபாய். போன வருஷம் மாதிரி 23 நாளோடு நின்றால் 1,043.

இனி அந்த 15,000 ரூபாய் வருஷ ஆஃபர். மாதம் 2,500 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 30,000, அதில் பாதி தள்ளுபடி என்று சொல்லியிருப்பார்கள். என் தொழில் புத்திக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. நீங்கள் இன்னும் வாங்காத சேவைக்கு முன்கூட்டியே பணம் தருகிறீர்கள். அதாவது அந்த ஜிம்முக்கு நீங்கள் கடன் கொடுக்கிறீர்கள். ஈடு கிடையாது, பத்திரம் கிடையாது. தள்ளுபடிதான் வட்டி. கடன் வாங்குபவர் யார், எத்தனை வருஷமாகக் கடை நடத்துகிறார், கட்டடம் சொந்தமா வாடகையா என்று கேட்காமல் மச்சானுக்குக்கூட நாம் 15,000 கொடுக்க மாட்டோம்.

நானே பட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜிம்மில் வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். ஐந்தாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை போனால் ஷட்டரில் பூட்டு, உள்ளே ட்ரெட்மில் இருந்த இடத்தில் தரையில் நான்கு கறுப்புத் தடம். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறவன் என்பதால் வீட்டில் ஒரு மாதம் இதைச் சொல்லவில்லை. சின்ன இடம்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த, 2010-ல் பங்குச் சந்தைக்கே வந்த தல்வல்கர்ஸ் நிறுவனம் 2019-ல் கடன் தவணை கட்டத் தவறியது. பல கிளைகள் மூடப்பட்டன, முன்பணம் கட்டியவர்கள் தவித்தார்கள்.

அப்படியானால் வருஷத் திட்டமே கூடாதா? கூடும், ஆனால் முதல் நாளில் வேண்டாம். மூன்று மாதத்துக்கு 6,000 கட்டுங்கள். தொடர்ந்து போனால் பிறகு 15,000 கட்டி வருஷத்துக்குப் போங்கள். பதினைந்து மாதத்துக்கு மொத்தம் 21,000 ஆகும். ஆரம்பத்திலிருந்தே வருஷ விலையில் போயிருந்தால் 18,750. வித்தியாசம் 2,250 ரூபாய். மூன்றே மாதத்தில் நின்றுபோனாலோ 9,000 ரூபாய் மிச்சம். இரண்டையும் தராசில் வைத்தால், ஐந்தில் ஒரு பங்கு நின்றுபோகும் வாய்ப்பு இருந்தாலே மூன்று மாதத் திட்டம்தான் லாபம். போன வருஷக் கதையைப் பார்த்தால் உங்கள் வாய்ப்பு ஐந்தில் ஒன்றைவிட அதிகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆஃபர் போய்விடுமே என்று பயப்படவும் வேண்டாம். பொங்கலுக்கு ஒன்று, தமிழ்ப் புத்தாண்டுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று என்று அது வந்துகொண்டேதான் இருக்கும்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றி இரண்டு வார்த்தை. வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. "முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். 21,600 என்று இறங்கினார்கள் என்றால், 24,000-இல் 2,400 வட்டி ஒளிந்திருக்கிறது. பார்வைக்கு 11% மாதிரி இருக்கும். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் உண்மையில் அது வருஷத்துக்கு ஏறக்குறைய 20%. இதற்கு மேல் பிராசஸிங் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் இருக்கலாம். இதைவிடப் பெரிய சிக்கல், அது ஜிம்முடன் போடும் ஏற்பாடு அல்ல, உங்கள் பெயரில் விழும் கடன். ஜிம் மூடினாலும், நீங்களே போகாமல் நின்றாலும் தவணை ஓடும். கட்டாவிட்டால் சிபில் ஸ்கோரில் அடி விழும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். அவசரத்தில் செல்போனில் ஓகே கொடுத்துவிட்டால், டிஜிட்டல் கடன்களில் குறைந்தது ஒரு நாளாவது அபராதமில்லாமல் விலகும் அவகாசம் உண்டு. அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் கட்டிவிட்டு வெளியே வரலாம்.

இனி உங்களுக்கு எந்த மாதிரி ஜிம் வேண்டும் என்பது. டாக்டர் சொன்னது இரண்டு வேலை. நடைக்கு ஜிம் தேவையே இல்லை. ட்ரெட்மில்லுக்காக மாதம் இரண்டாயிரம் கொடுப்பது, கடற்கரையும் மாநகராட்சிப் பூங்காக்களும் இருக்கிற ஊரில் எனக்கு மனசு ஒப்பாத செலவு. காசு கொடுக்க வேண்டியது எடைப் பயிற்சிக்குத்தான். அதற்குத் தேவை ஒரு கம்பி, போதுமான தட்டுகள், சிறிதிலிருந்து பெரிது வரை டம்பெல் ஜோடிகள், ஸ்குவாட் ஸ்டாண்ட், தப்பாகத் தூக்கினால் "நில்லுங்க" என்று சொல்ல ஒரு ஆள். ஜும்பாவும் நீராவி அறையும் உங்கள் டாக்டர் எழுதிய சீட்டில் இல்லை. கூட்டத்தோடு சேர்ந்து செய்தால்தான் உடம்பு வளையும் என்கிற சுபாவம் உள்ளவர்களுக்கு வகுப்புள்ள ஜிம் கொடுக்கிற காசுக்குத் தகும். நீச்சல்தான் பிடிக்கும் என்றால் வேளச்சேரியில் அரசின் நீச்சல் வளாகமே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டுமே இல்லை.

ஆகவே என் தேர்வு வீட்டுப் பக்க ஜிம். ஆனால் போய்ப் பார்த்துவிட்டுத்தான். பகல் பதினொன்றுக்குப் போனால் எந்த ஜிம்மும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் உண்மையில் போகப்போகிற நேரத்தில், இரவு எட்டுக்கோ காலை ஆறுக்கோ, இரண்டு நாள் போய் நில்லுங்கள். ஒரே ஒரு ஸ்டாண்டுக்கு ஆறு பேர் காத்திருந்தால், 1,000 ரூபாய் ஜிம்கூட உங்களுக்கு விலை அதிகம். அப்போது ஆபீஸ் பக்க ஜிம்மில் மூன்று மாதத் திட்டம், வேலை முடிந்து வண்டியை எடுப்பதற்கு முன்பே போய்விடுகிற மாதிரி. போகிற வழியில் நெரிசலும் அதற்குள் கொஞ்சம் அடங்கும். ஏசி இல்லையே என்று யோசித்தால், மே மாதத்தில் அது கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். காலையில் போங்கள்.

கட்டும் முன் சில கேள்விகளை வாய்வார்த்தையாக இல்லாமல் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். மழைக்காலத்தில் மெம்பர்ஷிப்பை நிறுத்தி வைக்க முடியுமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பகுதி எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். வேலை மாறினால் வேறொருவருக்கு மாற்றித் தரலாமா? சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா? ஜிம் கட்டணத்துக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5% ஆகக் குறைந்துவிட்டது. 15,000-க்கு அது 1,950 ரூபாய் வித்தியாசம். பழைய கணக்கிலேயே யாராவது கேட்டால் விடாதீர்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத சின்ன ஜிம் வரி என்று தனியாக எதுவும் வாங்கவே கூடாது. யுபிஐ ஆட்டோபே போட்டால், நிற்கிற அன்றைக்கே ஆப்பில் போய் ரத்து செய்யுங்கள்; ஜிம்மில் சொல்லிவிட்டு வந்தால் மட்டும் போதாது. பணத் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ரசீது மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும்.

பெர்சனல் ட்ரெயினர் பேக்கேஜை முதல் வாரமே தலையில் கட்டப் பார்ப்பார்கள். எட்டுப் பத்து வகுப்பு மட்டும் தனியாகத் தருவார்களா என்று பேரம் பேசுங்கள். சரியாகத் தூக்கக் கற்றுக்கொள்ள அது போதும். கவுன்டரில் அடுக்கியிருக்கும் புரோட்டீன் டப்பாவுக்கு இப்போது அவசரமில்லை. முட்டையும் சுண்டலும் மடிப்பாக்கத்திலேயே கிடைக்கின்றன. ஜிம் ரசீதை வைத்து வருமான வரியில் கழிவு கேட்க முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பல பேர் கேட்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது. ஹெச்பிஏ1சி 6.1, கையில் இருப்பது ஆபீஸ் பாலிசி மட்டும். வேலையை விட்டால் அன்றைக்கே அதுவும் போய்விடும். 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை. 6.5-ஐத் தொட்டு, நோய் என்று பேர் வைத்த பிறகு சொந்தப் பாலிசி எடுக்கப் போனால் பிரீமியம் ஏறும், கேள்விகளும் கூடும். இப்போதே உங்களுக்கும் மனைவிக்கும் சேர்த்து ஒரு ஃபேமிலி ஃப்ளோட்டர், அதாவது குடும்பத்துக்கே பொதுவான ஒரே மெடிக்கல் பாலிசி எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் மூன்று வருஷம்தான். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் அந்தக் கடிகாரம் ஓடும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியும் இப்போது இல்லை. விண்ணப்பத்தில் 6.1 என்பதை அப்படியே எழுதுங்கள். மறைத்தால், பிற்பாடு க்ளெய்ம் வரும் நாளில் அந்த ரிப்போர்ட்டே உங்களுக்கு எதிராக நிற்கும். வேளச்சேரி ஜிம்முக்கு ஒதுக்கத் தயாராக இருந்த 2,000 ரூபாயில் ஆயிரம் வீட்டுப் பக்க ஜிம்முக்குப் போகட்டும், மீதி ஆயிரம் பிரீமியத்துக்கு. பற்றாவிட்டால் இப்போதைய சீட்டு முடிந்ததும் அடுத்த சீட்டில் சேராமல் அந்தப் பணத்தை இதற்குத் திருப்புங்கள்.

கணவன் மனைவி சலுகை பற்றி. உங்கள் மனைவி ஜிம்முக்கு வர ஆசைப்படுகிறார் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை, சலுகை இருக்கிறது என்றுதான் இருக்கிறது. முதலில் அவரைக் கேளுங்கள். வருகிறேன் என்றால், வீட்டுப் பக்க ஜிம்மில் பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறதா, அந்த நேரத்தில் பெண் ட்ரெயினர் இருக்கிறாரா என்று அவரே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.