குளியல் தொட்டியில் குடும்பத் தலைவர்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆங்கிலப் பேப்பரில் ‘பிளாண்டி’ சித்திரத் தொடர் படிக்கிறோம். குடும்பத் தலைவர் டாக்வுட் சோபாவில் தூங்குவார், முழ உயரத்துக்குச் சாண்ட்விச் அடுக்குவார், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடித் தபால்காரர் மேல் மோதுவார். தினமும் இதே கதைதான். ஆனாலும் ஒரு நாள் வராவிட்டால் வீடே களையிழந்து போகிறது. இந்தப் பாசத்துக்கு என்ன காரணம்? நம் பத்திரிகையில் ஏன் இப்படி ஒன்று வருவதில்லை?
(பெயர் வேண்டாம்), செம்பூர், மும்பை.

பதில்: இவர் ஏன் பெயர் வேண்டாம் என்கிறார் என்று முதலில் விளங்கவில்லை. இரண்டாம் வரிக்கு வந்ததும் விளங்கிவிட்டது. ‘குடும்பத் தலைவர் டாக்வுட்’! ஐயா, இந்தக் கடிதத்தை வீட்டம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டா தபாலில் சேர்த்தீர்கள்?

தொடரின் பெயரே அந்த அம்மாவின் பெயர். தலைப்பில் இடம் கிடைக்காத மனிதருக்கு நீங்களாகப் பார்த்துத் தலைமைப் பதவி கொடுத்திருக்கிறீர்கள். நம் நாட்டுச் சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 2013ஆம் வருஷத்துத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 13ஆம் பிரிவு: வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய பெண்களில் யார் மூத்தவரோ, ரேஷன் கார்டில் அவர்தான் குடும்பத் தலைவர். நம் மாநிலத்தில் மஞ்சள் கார்டு, கேசரி கார்டு (தின்கிற கேசரி அல்ல, நிறம்), வசதியுள்ளவர்களுக்கு வெள்ளைக் கார்டு என்று மூன்று உண்டு. உங்களுடையது வெள்ளைக் கார்டு என்றால் இந்தச் சட்டம் உங்களைத் தொடாது, பிழைத்தீர்கள். செம்பூரில் சொந்த பிளாட்டில் உட்கார்ந்து மூன்று தலைமுறையாகப் படக்கதை படிக்கிறவரிடம் வெள்ளைதான் இருக்கும் என்பது என் ஊகம். கார்டு தொடாவிட்டால் என்ன, அரிசி டப்பா எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? டாக்வுட்டுக்கு பிரிஜ் இருக்கும் இடமாவது தெரியும்.

அந்த சாண்ட்விச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டேன். அடுக்கு சாண்ட்விச்சுக்கு ஆங்கில அகராதியிலேயே ‘டாக்வுட்’ என்று பெயர் ஏறிவிட்டது. நம் ஊர் நடைபாதை சாண்ட்விச்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. வெண்ணெய், பச்சைச் சட்னி, அவித்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம், மேலே மசாலாத் தூள் என்று அவரும் அத்தனையும் வைக்கிறார். ஆனால் கடைசியில் உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கி, ஆறு துண்டாக வெட்டி, ஒரு அங்குல உயரத்தில் நம்மிடம் நீட்டுகிறார். இடம் இருக்கிற ஊர்க்காரன் அடுக்குவான், இல்லாத ஊர்க்காரன் அமுக்குவான். காலை ஒன்பது மணி லோக்கல் ரயிலில் நம்மையும் அப்படித்தானே ஏற்றுகிறார்கள்? சாப்பாட்டுப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சாம்பாரில் வெல்லம் போடுவதை இந்தப் பக்கத்தில் தொடர்ந்து கண்டித்து வருகிறேன், இனியும் கண்டிப்பேன். போன இதழில் அதை ஆதரித்து நாலு பக்கம் எழுதிய முலுண்டு வாசகருக்கு என் பதில் அவ்வளவுதான்.

டாக்வுட்டுக்கு வருவோம். 1930 செப்டம்பர் 8ஆம் தேதி சிக் யங் என்பவர் இதைத் தொடங்கியபோது குடும்பமே கிடையாது. பிளாண்டி ஆட்டம் பாட்டம் என்று திரிந்த பெண், டாக்வுட் ரயில்வே கோடீஸ்வரர் ஒருவரின் பிள்ளை. அமெரிக்காவில் வேலை போய் ஜனங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலம் அது. பணக்காரப் பையனின் லீலையைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை. யங் என்ன செய்தார்? டாக்வுட்டை உண்ணாவிரதத்தில் உட்கார வைத்தார். பிளாண்டியைக் கட்டிக்கொள்ளப் பெற்றோர் சம்மதம் தரும்வரை சோறு இல்லை என்று 28 நாள். நாலு மாதம் முன்புதான், 1932 செப்டம்பரில், நம் பக்கத்து ஊர் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்து முடித்திருந்தார். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதியதற்குக் கண்டனக் கடிதம் வரும், வரட்டும். 1933 பிப்ரவரி 17ஆம் தேதி கல்யாணம் நடந்தது. அப்பா சொத்தில் ஒரு தண்டவாளக் கட்டைகூடக் கொடுக்காமல் பிள்ளையைத் துரத்திவிட்டார். 28 நாள் பட்டினி கிடந்தவன் அதற்குப் பிறகு எத்தனை வருஷம் நடுராத்திரியில் எழுந்து தின்றால்தான் என்ன? எனக்கு அந்த ஆள் மேல் கோபமே வருவதில்லை.

பாசம் என்றீர்களே, 1941இல் அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தபோது பெயர் வைக்கச் சொல்லி வாசகர்களுக்குப் போட்டி வைத்தார்கள். லட்சக்கணக்கில் பெயர்கள் வந்து குவிந்தன. காகிதத்தில் பிறந்த குழந்தைக்கு! குக்கி என்று பெயர் பெற்ற அவளுக்கு இன்று எண்பது தாண்டியிருக்க வேண்டும், இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள். சிக் யங் 1973இல் காலமானார், மகன் டீன் யங் ஏற்றுக்கொண்டார், குக்கி வளரவில்லை. 1960இல் தொடங்கிய கன்னித்தீவு இன்னும் கரை சேரவில்லை என்று கிண்டல் செய்கிறோம். இது அதற்கும் முப்பது வருஷம் மூத்தது.

எல்லோருக்கும் வயதாகிற தொடரும் உண்டு. கனடாவில் லின் ஜான்ஸ்டன் 1979இல் தொடங்கிய ‘ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வர்ஸ்’ அப்படிப்பட்டது. பிள்ளைகள் வளர்ந்தார்கள், நாய் கிழடானது. 1995இல் ஆற்றில் விழுந்த சின்னப் பெண்ணைக் கரை சேர்த்துவிட்டு அந்த நாய் செத்துப்போனது. வாசகர்கள் அழுதும் திட்டியும் எழுதித் தள்ளினார்கள். உயர்ந்த கலை அது, மறுக்கவில்லை. ஆனால் காபி குடிக்கும் நேரத்தில் நாய்க்கு எழவு விழுந்தால் எனக்கு ஆகாது.

எங்கள் அப்பாவுக்கும் ஆகியிருக்காது. தாராவியில் சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் ஒற்றை அறை, அப்பாவுக்கு மில்லில் வேலை. முந்தாநாள் ஆங்கிலப் பேப்பரை டீக்கடையிலிருந்து கேட்டு வாங்கி வருவார். ஆங்கிலம் அரைகுறை, படத்தை வைத்துப் புரிந்துகொள்வார். சாண்ட்விச்சையோ சோபாவையோ அவர் பெரிதாக மதித்ததில்லை. அவர் கண் போனது அந்தக் குளியல் தொட்டி மேல். டாக்வுட் அதில் கழுத்தளவு தண்ணீரில் கிடப்பார், பக்கத்து வீட்டுப் பொடியன் எல்மோ கதவைத் திறந்துகொண்டு வந்து கேள்வி கேட்பான். ஜோக் அவ்வளவுதான். அப்பாவுக்குச் சிரிப்பு வராது. “ஏல, ஒத்த ஆளு குளிக்கதுக்கு இம்புட்டுத் தண்ணியா? நம்ம லைன்ல பதினாலு வீடு குளிச்சிரும்லா” என்பார். காலை நாலு மணிக்குப் பொதுக் குழாயில் குடம் வைக்கும்போதும் அதே பேச்சுதான். அந்தத் தொட்டி வந்த படங்களை மட்டும் வெட்டித் தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

1982 ஜனவரி 18 அன்று மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் பின்னால் இரண்டரை லட்சம் பேர் போனார்கள். அப்பாவும் போனார். அதற்குப் பிறகு அவரும் டாக்வுட் மாதிரிப் பகலில் படுத்துக் கிடந்தார், சோபாவுக்குப் பதில் பாய். தொடரில் முதலாளி டிதர்ஸ் வாரத்துக்கு ஒரு தடவை டாக்வுட்டின் சீட்டைக் கிழிப்பார், சில சமயம் உதைத்தே வெளியே தள்ளுவார். மறுநாள் பேப்பரைப் பார்த்தால் மனிதர் அதே மேசையில் தூங்கிக்கொண்டிருப்பார். அப்பா அதை வெகுநேரம் பார்ப்பார். “இவனுக்கு மட்டும் மறுநாள் எப்படில கேட்டத் தொறந்து விடுதான்?” என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பன்னிரண்டு வயது, பதில் தெரியவில்லை. அப்பாவின் மில் கேட் திறக்கவே இல்லை.

அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இட்லி அவிக்க ஆரம்பித்தாள். விடிவதற்குள் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு சயான் பக்கம் போய்விடுவாள். பிளாண்டி அம்மாள் சமையல் காண்டிராக்ட் தொழிலில் இறங்கியது 1991இல். எங்கள் அம்மா ஒன்பது வருஷம் முந்திக்கொண்டாள். எங்கள் ரேஷன் கார்டில் அப்பா பெயர்தான் முதலில் இருந்தது. 2013 சட்டத்தை நான் ஏன் பிரிவு எண்ணோடு ஒப்பிக்கிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

நம் பத்திரிகையில் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு: தினமும் ஒரே ஜோக்கை நாற்பது வருஷம் வரைய ஒருவர் வேண்டும், நாம் கொடுக்கும் சன்மானத்தில் அவர் நாற்பது நாள் தாங்கமாட்டார். உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள். முகம் சுமாராக வந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம், தொட்டி நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும்.