உடம்பு தேறிய பிறகுதான் சிலம்பம் கற்க வேண்டுமா?

கேள்வி: வயது 43. நாள் முழுதும் கணினி முன் வேலை. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் நடக்கும் சிலம்ப வகுப்பில் சேர ஆசை. ஆறு மாதம் நடந்து எடையைக் குறைத்துவிட்டுச் சேரலாமா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: காத்திருக்க வேண்டாம், இப்போதே சேருங்கள். உடம்பு தேறட்டும் என்று நாள் தள்ளியவர்களில் பலர் கடைசிவரை சேராமலே போனதை என் பிசியோதெரபி அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் கற்பது சண்டையல்ல, நிற்பதும் காலடி வைப்பதும்தான். அதற்கு வேண்டிய தெம்பு அதைச் செய்யச் செய்யவே வரும்.

முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை மாத்திரைகளில் சில வகைகள், இன்சுலினைப் போலவே, வெறும் வயிற்றில் பயிற்சி செய்யும்போது இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடும் என்பதால், நீங்கள் எடுப்பது அந்த வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கை நடுங்கிக் குளிர்ந்து வியர்த்தால் கம்பைக் கீழே வைத்துவிட்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடியுங்கள். நெஞ்சு இறுகினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நான் அதிகம் அஞ்சுவது முதல் வாரத்தை அல்ல, இரண்டாம் மாதத்தை. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். "இப்போது முடிகிறதே" என்று வேகத்தைக் கூட்டும் அந்த நேரத்தில்தான் குதிகால் நாணும் முழங்காலும் பழுதாகின்றன. மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்காலுக்கு இன்னும் பாரம் கூடும் என்பதால், முதல் இரண்டு மாதம் சமமான கெட்டித் தரையில் பயில இடம் கேளுங்கள். வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. பயிற்சியின்போது முழு வாக்கியம் பேச முடிகிற அளவு வேகம் போதும். மறுநாள் தசை வலிப்பது இயல்பு, மூட்டில் சுருக்கென்று குத்துவது இயல்பல்ல.

கம்பு நெற்றி உயரம் இருப்பது வழக்கம். எடை குறைந்த பிரம்பில் தொடங்குங்கள். புதியவர்கள் கம்பு நழுவிவிடுமோ என்ற பயத்தில் விரல் மூட்டுகள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடிக்கிறார்கள். அப்போது மணிக்கட்டு உருளாமல், சுழற்சியின் பாரமெல்லாம் முழங்கையில் வந்து இறங்குகிறது. முழங்கையின் வெளிப்புறம் வலித்தால் முதலில் பிடியைத்தான் ஆசானிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். தாழ்ந்து நிற்கும்போது முட்டி பாத விரல்களின் திசையிலேயே இருக்கட்டும். உள்ளே சாய்ந்தால் அந்த அளவுக்குத் தாழ வேண்டாம்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். திறமையான மாணவரைப் பார்க்காதீர்கள், எல்லோருக்கும் பின்தங்கி மூச்சு வாங்கி நிற்பவரை ஆசான் எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். உட்கார்ந்து தண்ணீர் குடிக்க அனுமதிக்காத இடம், அதுவும் கத்திரி வெயில் மாதத்தில், உங்களுக்கு உகந்ததல்ல.